பாவாத்தாள் உட்கார்ந்திருந்த மூன்று நிமிடம்

"இரும்பு பாரு சும்மா கெடக்குது, நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க, நானு சும்மா நின்னுட்டிருக்கறேன். இது எந்தூரு நாயமுங்க அம்மணி?"

"சும்மா உக்காரலீங்ண்ணா, ரெஸ்ட்ல இருக்கறேன். இன்னும் ஒண்ணே முக்கா நிமிசம் இருக்குதுங்க."

"ரெஸ்ட்டு எடுக்க ஊட்ல கட்டிலு இல்லீங்களா?"

டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த யுவஸ்ரீ வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றிக்கொண்டாள்.

உக்கடம் குளத்துப் பக்கம், ஒரு மாடியில் இருக்கிற அந்த ஜிம்மில் எடைத் தட்டுகளை மாட்டித் தூக்குகிற நீளமான இரும்பு பார் ஒன்றே ஒன்றுதான். காலை ஆறரைக்கு அதற்கு இரண்டு பேர். ஒருவர் சென்னகிருஷ்ணன், அறுபதை நெருங்குகிற நூல்மில் முதலாளி. இன்னொருத்தி பாவாத்தாள், ஐம்பத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர்.

எலும்பு தேய்கிறது, எடை தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அவள் இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்தாள். இப்போது ஈரோட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குப் போட்டி. எண்பது கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்றால் பெயரை அனுப்பிவிடுகிறேன் என்று பயிற்சியாளர் பிரான்சிஸ் சொல்லியிருந்தார். பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

இத்தனை எடை தூக்கினால் அடுத்ததற்கு முன் மூன்று நிமிடமாவது உட்கார வேண்டும். மூச்சு ஒரே நிமிடத்தில் அடங்கிவிடும், தசைக்குள் தீர்ந்துபோன சத்து திரும்ப ஊற நேரம் ஆகும் என்று பிரான்சிஸ் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. யார் காதில் விழுந்தது? உட்கார்ந்திருக்கும் பொம்பளை என்றால் வேலையில்லாத பொம்பளை. அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு பிரான்சிஸ் வந்தார். "ஏனுங்க ரெண்டு பேரும்? அக்கா ரெஸ்ட்ல இருக்கறப்ப அண்ணா போடட்டும். அண்ணா ரெஸ்ட்ல அக்கா. மாத்தி மாத்திப் போட்டா முடிஞ்சுதுங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சென்னகிருஷ்ணன் தூக்குவது நூற்றிருபது. அவருக்கு இரண்டு பக்கமும் இருபது கிலோ பிளேட் ஒவ்வொன்று ஏற்ற வேண்டும், இவளுக்கு அதையே இறக்க வேண்டும். அவர் ஒரு பக்கம் குனிந்தால் இவள் மறுபக்கம் ஓடிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் யாராவது சோற்று அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாலே மறு காதைப் பிடிக்கப் போகிற ஆள். பெரியவர் சுமக்கும்போது பார்த்துக்கொண்டு உட்கார அவளுக்கு வராது.

முதல் தடவை எண்பது கிலோ முழங்கால் வரை வந்து நின்றது. இரண்டாவது தடவை முழங்காலுக்கே வரவில்லை.

"என்னாச்சுங்க்கா? போன வாரம் எழுபத்தஞ்சு பூவாட்டம் வந்துச்சே!" பிரான்சிஸ் தலையைச் சொறிந்தார். "இன்னும் ஒரே தடவைதானுங்க. அதுக்கு மேல முதுகு தாங்காது." சொல்லிவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார்.

பாவாத்தாள் செல்போனில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடத்தில் அவள் உட்கார்ந்திருந்தது இருபது விநாடி. மீதியெல்லாம் பிளேட் சுமந்திருக்கிறாள்! தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. கடிகாரத்தை மறுபடி தட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சென்னகிருஷ்ணன் தன் பக்கத்து பிளேட்டை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். "அம்மணி, அந்தப் பக்கம்?"

"நானு ரெஸ்ட்ல இருக்கறனுங்ண்ணா."

"அட, ஒரு பிளேட்டுதானுங்க."

"அந்த ஒரு பிளேட்டுலதானுங்க ரெண்டு தடவை போச்சு. கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு நானு எந்திரிக்க மாட்டனுங்க."

அவர் தானே சுற்றிப்போய், வேண்டுமென்றே டமாரென்று பிளேட்டை மாட்டினார். தூக்கினார். திரும்ப இறக்கும்போது "ஆத்தாடி, இடுப்பு!" என்று ஜிம்முக்கே கேட்கும்படி சொன்னார். பாவாத்தாளின் கால் தானாக எழப் பார்த்தது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வியர்வை தூக்கினதற்கு வந்ததைவிட அதிகமாக வந்தது.

மூன்று நிமிடம் ஆனதும் எழுந்தாள். பார் முழங்காலைத் தாண்டியது, தொடையில் உரசியது, அவள் நிமிர்ந்து நின்றாள். எண்பது கிலோ! உள்ளே வந்துகொண்டிருந்த பிரான்சிஸ் கை தட்டிவிட்டு அங்கேயே நின்று பெயரை அனுப்பினார்.

சென்னகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பெரிய ஆளுங்க நீங்க. நல்லா இருங்க." மீதி செட் போடாமலே படி இறங்கிவிட்டார்.

அவ்வளவுதான். எண்பது கிலோவை எல்லாரும் மறந்துவிட்டார்கள். "ஒரு வார்த்தை கூப்புட்டிருந்தா நானே வந்து மாட்டியிருப்பேனுங்க்கா, அவரு மனசு நோகுற மாதிரி பண்ணிப்போட்டீங்க" என்றார் நடந்ததை யுவஸ்ரீயிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிரான்சிஸ். "பெரியவருங்க, பாவம்" என்றாள் யுவஸ்ரீ. வீட்டுக்குப் போனால் புருசன் ராசப்பன், முழுக்கதையும் கேட்டுவிட்டு, "எந்திரிச்சு ஒரு கை புடிச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்கிறார். என்ன குறைந்து போயிருக்கும் என்று அவள் இப்போதுதானே விளக்கமாகச் சொன்னாள்!

படிக்கிற உங்களைத்தான் கேட்கிறேன். ஜிம்முக்குப் போகிறவர்கள், போகாதவர்கள் யாரானாலும் சரி. அந்த மூன்று நிமிடம் பாவாத்தாள் எழுந்திருக்க வேண்டுமா, உட்கார்ந்தது சரிதானா? லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், உங்களுக்குத் தோன்றியதைக் கீழே எழுதுங்கள்.