பதினான்கு நாள் இலவசம்

ஒலீட்டாவின் பிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் முட்டையைக் காணோம். ஒன்பது வெள்ளை டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் சோளரொட்டிக்கு மாவு கலக்கி வைத்துவிட்டு இரண்டு முட்டை கேட்டு வந்தவள்.

"இது என்ன கூத்து?" என்றேன்.

"முதல்ல கதவை மூடு. குளிர் எல்லாம் வெளிய போகுது" என்றாள்.

ஒலீட்டா என் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் பேட்டையில் இருப்பதெல்லாம் டிரெய்லர் வீடுகள்தான், லாரி இழுத்து வந்து நிறுத்திவிட்டுப் போகிற தகரப் பெட்டி வீடுகள். ஃப்ளோரிடாவின் இந்த ஓரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் கட்டுப்படியாகும். அவளுக்கு வயது எழுபத்துமூன்று. புருஷன் போய் ஆறு வருஷமாகத் தனியாக இருக்கிறாள். கோல்ஃப் வண்டியை ஓட்டிக்கொண்டு தானே போய்ச் சாமான் வாங்குவாள், தானே புல் வெட்டுவாள். யாராவது கை கொடுக்கப் போனால் முறைப்பாள்.

கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். பள்ளியில் கூடப் படித்தவர்கள் ஐம்பத்தைந்து வருஷம் கழித்துக் கூடுகிறார்களாம். போனில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. 'டியூமெரில்' கிரீம், சுருக்கமெல்லாம் ஓடிப்போகும், பதினான்கு நாள் இலவசம், அனுப்புகிற செலவு ஐந்து டாலர் மட்டும். கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டாள். டப்பா வந்து சேரவே ஒன்பது நாளாயிற்று. அந்தப் பதினான்கு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் முழு விலை. அதை அவர்கள் ஆர்டர் போட்ட தேதியிலிருந்தே எண்ணியிருக்கிறார்கள். அடுத்த வாரம் தொண்ணூறு டாலர் போயிற்று. அப்புறம் மாதாமாதம் ஒரு கிரீம், கண்ணைச் சுற்றித் தடவக் கேட்காத களிம்பு ஒன்று, கார்டில் நூற்றெழுபது டாலர்.

"நாலு மாசமா! பேங்க்ல சொல்லக் கூடாதா?"

"சொன்னா ட்வைட்டுக்குத் தெரிஞ்சிடும். பேங்க்லேர்ந்து அவனுக்குப் போன் போகும்."

ட்வைட் அவளுடைய மகன், மிஷிகனில் இருக்கிறான். போன வருஷம் கூரை போட்டுத் தருகிறேன் என்று ஒருவன் அவளிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அப்போது வந்த ட்வைட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்: இன்னொரு தடவை ஏமாந்தால் இந்த வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன் வீட்டு நிலவறைக்கு அழைத்துப்போவான், காசு பணமெல்லாம் இனி அவன் கையில். ஏப்ரலில் வரி கட்டுவதற்காக அவளுடைய பேங்க் காகிதம் எல்லாம் அவனிடம் போகும். இது பிப்ரவரி.

"அந்தக் கிரீம் கம்பெனி நம்பரைக் கொடு" என்றேன். பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். அறுபது வாண்டுகளை ஒரே சத்தத்தில் உட்கார வைக்கிற தொண்டை இது.

போனை எடுத்தவள் தன் பெயர் ஆம்பர் என்றாள். குரலில் தேன் வழிந்தது. "மேடம், உங்களுக்காகவே ஒரு ஸ்பெஷல் சலுகை இருக்கு. பாதி விலைக்குத் தொடரலாம்."

"தொடரவே வேணாம்கிறேன். காதுல விழுதா?"

"திறந்த டப்பாவைத் திருப்பி வாங்க மாட்டோம் மேடம். நிபந்தனையை ஏத்துக்கிட்டுத்தான் கட்டத்துல டிக் பண்ணியிருக்கீங்க. அப்ப முப்பது சதவீத விலைக்கு…"

"உங்க முதலாளி யாரு? அவரைக் கூப்பிடு."

"அந்த விவரம் எங்களுக்கே தெரியாது மேடம்." இதை மட்டும் அவள் உண்மையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

டப்பாவோடு வந்த சீட்டில் 'கிங்லெட் பே' என்று ஒரு கம்பெனிப் பெயரும் ஒரு முகவரியும் இருந்தன. மறுநாள் காலை பஸ் ட்ரிப் முடிந்ததும் நேராக அங்கே போனேன். ஒரு சலவைக்கடைக்கும் நகம் அலங்கரிக்கிற கடைக்கும் நடுவில், வாடகைக்குத் தபால் பெட்டி விடுகிற கடை. கம்பெனி என்பது அங்கே இருந்த ஒரு தபால் பெட்டி, அவ்வளவுதான். சும்மா விடுவேனா? அங்கிருந்து நூலகத்துக்குப் போனேன். எங்கள் மாநிலத்தில் எந்தக் கம்பெனி யார் பெயரில் இருக்கிறது என்று அரசாங்க இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்குத்தான் பார்க்கத் தெரியாது. நூலகர் தட்டிப் பார்த்துத் தந்தார்.

திரையைப் பார்த்தார். என் நூலக அட்டையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஒரே உரிமையாளர், வெர்னா ஸ்டாக்போல்" என்று மெதுவாகப் படித்தார். "மேடம், இது நீங்கதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகவரியும் என்னுடையதுதான்.

அப்புறம்தான் ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில் நடந்த நன்றியறிதல் நாள் விருந்து நினைவுக்கு வந்தது. கோல்பி வந்திருந்தான். என் வீட்டுக்காரரின் அக்கா மகன்; அவர் இறந்த பிறகும் என்னை வந்து பார்க்கிற ஒரே ஆள். வான்கோழி சாப்பிட்டு முடித்து, பூசணி இனிப்பை வெட்டிக்கொண்டிருந்தபோது காகிதக் கட்டை எடுத்து வைத்தான். "அத்தை, நான் பழைய கடனைக் கட்டாததால என் பேர்ல பேங்க் கார்டு மெஷின் தர மாட்டேங்குது. சின்னக் கம்பெனிதான். உங்க பேர்ல இருக்கட்டும். மாசம் முந்நூறு டாலர் உங்களுக்கு." கையெழுத்துப் போட வேண்டிய ஆறு இடத்திலும் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தான். கை துடைத்துக்கொண்டு ஆறு இடத்திலும் போட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. அந்த முந்நூறு டாலரில்தான் ஏசி ரிப்பேர் பார்த்தேன். ஒலீட்டாவின் காசில் நான் குளுகுளுவென்று தூங்கியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கோல்பியின் ஆபீஸ் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு இளசுகள் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் விளம்பரப் படங்கள். ஒரே பெண்மணி மூன்று கிரீமுக்கு மூன்று பெயரில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை! வாங்க வாங்க. காபி சாப்பிடுறீங்களா?"

"காபியைத் தூக்கிக் குப்பையில போடு. இந்தக் கிங்லெட் பே யாரோடது?"

அவன் முகம் மாறவேயில்லை. "உங்களோடது. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

ஒலீட்டாவைப் பற்றிச் சொன்னேன். அவன் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னான். ஐந்து நிமிஷத்தில் ஒலீட்டாவின் காசு முழுக்கத் திருப்பி அனுப்பியாயிற்று. திரையில் காட்டினான். "போதுமா? இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?"

"மத்தவங்க?"

"எல்லாம் சட்டப்படிதான் அத்தை. நிபந்தனையில எழுதியிருக்கு. ஜனங்க படிக்கிறதில்ல. நீங்க படிச்சீங்களா என்ன?" என்று சிரித்தான். "வெளிய வாயைத் திறக்காதீங்க. என் பேர் எந்தக் காகிதத்துலயும் இல்ல. மாட்டுனா நீங்கதான் மாட்டுவீங்க."

பயந்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன். எனக்கு இருப்பது ஒரு டிரெய்லர் வீடும் இன்னும் மூன்று வருஷத்தில் வரப்போகிற பென்ஷனும். ஒலீட்டாவின் காசு வந்துவிட்டது. ட்வைட் கேட்டாலும், வந்தது போனது சரியாயிற்று என்று அவள் சமாளித்துக்கொள்வாள். படி இறங்கிப் போயிருப்பேன்.

அவன்தான் விடவில்லை. வாசல் வரை வந்து தோளில் கை போட்டான். "இந்தக் கம்பெனி மேல புகார் கூடிப்போச்சு அத்தை, பேங்க் சீக்கிரம் மூடிடும். புதுசா ஒண்ணு தொடங்கணும், புதுப் பேர் வேணும். உங்க ஃப்ரெண்டு ஒலீட்டா தனியாத்தானே இருக்காங்க? அவங்களுக்கும் மாசம் முந்நூறு. கேட்டுப் பாருங்களேன்."

பாவி! உறிஞ்சியது போதாதென்று அவள் பெயரையும் கேட்கிறான். அதுவரை எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. அந்த நிமிஷம் முடிவு செய்துவிட்டேன். அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "கேக்குறேன்டா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள், அந்த முந்நூறு டாலர் காசோலையில் பெயர் இருந்த பேங்க் திறக்கும்போதே பஸ்காரி சட்டையோடு போய் நின்றேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டிரைவர் லைசென்ஸை மேசையில் வைத்தேன்.

"கிங்லெட் பே கம்பெனியோட முதலாளி நான். பாருங்க."

பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. "ஆமா மேடம். கையெழுத்து அதிகாரம் உங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு. என்ன செய்யணும்?"

"இந்தக் கணக்குலேர்ந்து ஒரு காசு வெளிய போகக் கூடாது. கார்டுல காசு வாங்குறதையும் இப்பவே நிறுத்துங்க. யார் போன் பண்ணினாலும் முதலாளி சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க."

கோல்பிக்குத் தோன்றாத விஷயம் இதுதான். மாட்டுவதற்கென்று என் பெயரைப் போட்டவன், பூட்டுகிற சாவியையும் அதோடு சேர்த்து என் கையில் கொடுத்திருந்தான். கதவை நெருங்குவதற்குள் என் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கோல்பி. எடுக்கவில்லை.

அங்கிருந்து மாநில அரசாங்கத்தின் நுகர்வோர் வழக்குப் பிரிவுக்குப் போனேன். ஒரு வழக்கறிஞர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பேனாவைக் கீழே வைத்தார். "இதை எழுதிக் கொடுத்தா, வழக்குல முதல் பிரதிவாதியா உங்க பேர்தான் வரும். புரியுதா? வக்கீல் வச்சுக்கிட்டு அப்புறம் வாங்க."

வைத்தேன், ஓர் இலவச வக்கீலை. அவர் சொன்னதைக் கேட்டேன், கேட்ட பிறகும் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். நாலாயிரம் பேர் ஏமாந்திருக்கிறார்கள், ஆனால் நேரில் வந்து சொல்ல ஒருவரும் தயாராக இல்லை. எல்லாருக்கும் வெட்கம்.

ஒலீட்டாவிடம் நானே சொன்னேன். செய்தித்தாளில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"படிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"நானும்தான் படிக்கல. ஆனா நான் விட்டது என் காசை."

கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கு மேல் அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. பதினோரு நாள் பேச்சில்லை. எதிரே வந்தால் கோல்ஃப் வண்டியை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அழுதேன். பஸ்ஸிலும் அழுதேன், குழந்தைகள் ஏறுவதற்கு முன்னால்.

பன்னிரண்டாம் நாள் வந்து கதவைத் தட்டினாள். "கோர்ட்டு என்னைக்கு?"

"ஒலீட்டா, நீ வந்தா ட்வைட்டுக்கு…"

"ட்வைட்டுக்கு நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவனாக் கண்டுபிடிச்சா நான் ஏமாந்த கிழவி. நானே சொன்னா நான் சாட்சி. உனக்காக வரல, தெரிஞ்சுக்கோ. ஆனா வண்டி நீதான் ஓட்டணும், எனக்கு ஹைவேன்னா பயம்."

விசாரணை நாளில் ட்வைட் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு ஃபைல். கோல்பி பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் வெறும் ஆலோசகர் என்று அவனுடைய வக்கீல் சாதித்தார். ஒலீட்டாவைக் கூண்டில் ஏற்றியதும் அவருக்கு உற்சாகம் பிறந்தது.

"உங்க வயசுக்கு மறதி இருக்குமே? நிபந்தனையைப் படிச்சது ஞாபகம் இருக்கா?"

"படிக்கல. இலவசம்னு பெருசா எழுதியிருந்ததைப் படிச்சேன். படிக்கணும்னு நினைச்சதைப் பெருசா எழுதியிருக்கீங்க. படிக்கக் கூடாதுன்னு நினைச்சதைப் பொடிசா எழுதியிருக்கீங்க. நீங்க நினைச்ச மாதிரியே நான் நடந்துக்கிட்டேன். இதுல மறதி எங்க வந்துச்சு?"

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். உங்களை ஏமாற்றியது யார் என்று அரசு வக்கீல் கேட்டபோது ஒலீட்டா என்னைப் பார்த்தாள். தயங்காதே, சொல்லு என்று தலையாட்டினேன். நேராக என்னைத்தான் முதலில் காட்டினாள். "பேர் இவளோடது. அந்தப் பையன் கேட்டான், இவ படிக்காம கொடுத்தா." அப்புறம் விரல் கோல்பியின் பக்கம் போயிற்று. "காசை எடுத்தது அவன்." எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் நிமிர்ந்தேதான் உட்கார்ந்திருந்தேன்.

என்னை ஏற்றியபோது மஞ்சள் சீட்டு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நீதிபதி, கோல்பி அடுத்தவர்கள் பெயரில் நடத்திய பதினொரு கம்பெனிகளையும் முடக்கினார். நான் வாங்கிய முந்நூறுகள் மொத்தத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். இனி எந்தக் கம்பெனிக்கும் முதலாளியாக இருக்கக் கூடாது. இருக்கச் சொன்னாலும் மாட்டேன்.

வெளியே வராந்தாவில் ட்வைட் காத்திருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான், பிறகு ஃபைலைத் திறந்தான். "நல்லாப் பேசினம்மா. ஆனா இது ரெண்டாவது தடவை. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்."

ஒலீட்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, எனக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாகுது."

"போய்ட்டு வா. நான் தபால்ல அனுப்புறேன்." பக்கத்தைத் திருப்பினாள்.

அவன் போகவில்லை. பதினெட்டுப் பக்கம். முக்கால் மணி நேரம். பதினோராம் பக்கத்தில் நிறுத்தி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைச் சத்தமாகப் படித்தாள்: வீட்டை விற்கும் உரிமை மகனுக்கு, அம்மாவைக் கேட்காமலே. ட்வைட் தரையைப் பார்த்தான். மிச்சப் பக்கங்களையும் விடாமல் படித்து முடித்தாள். காகிதங்களை ஒழுங்காக அடுக்கி, ஃபைலில் வைத்து, அவன் கையில் கொடுத்தாள்.

"முழுக்கப் படிச்சுட்டேன் ராஜா. கையெழுத்துப் போடல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "வெர்னா, வண்டிய எடு. பசிக்குது."