குறுக்குவாக்கு

தங்கப்பாண்டியன் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். மாரீஸ்வரிக்கு அந்தச் சிரிப்பு ஐந்து வருடப் பழக்கம். துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த அன்று சிரித்தார். அவளுடைய ஆய்வு வழிகாட்டி வேலையை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்த அன்று சிரித்தார். போன மாதம் பல்கலைக்கழகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலை அவள் மேசையில் வைத்தபோதும் சிரித்தார்.

கடிதத்தில் நாலு வரி. ஒளியால் நடப்பதாக இந்தப் பெண் சொல்லும் மாற்றம் வெறும் சூட்டால் நடப்பது. ஆய்வேட்டை ஏற்க வேண்டியதில்லை.

நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று குழு அவருக்கே திருப்பி அனுப்பியிருந்தது. குழு வியாழக்கிழமை கூடுகிறது. இன்று திங்கள். ஆயுதபூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள். ஆய்வக வாசலில் உடைத்த பூசணிக்காய் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தது.

"எங்க உன் மந்திரக்கல்லு?" என்றார்.

அவள் பித்தளை வளையத்தை எடுத்துக் காட்டினாள். நடுவில் சுண்டுவிரல் நகமளவு சதுரமாக ஒரு வில்லை ஒட்டியிருந்தது. சிலிக்கானும் மின்சாரம் கடத்தாத ஒரு பொருளும் மாறி மாறி, சுவர் சுவராக நிற்கும் வில்லை. சுவர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிசு. லேசர் வெளிச்சம் பட்டால் அது சுவர்களின் நீளவாக்கில் உலோகம் மாதிரி நடந்துகொள்ளும். குறுக்குவாக்கில் கண்ணாடியாகவே இருக்கும். இப்படி இரண்டு குணத்தோடு நிற்பதற்கு ஹைபர்போலிக் பொருள் என்று பெயர். லேசரை நிறுத்தினால் மறுபடி முழுக்கக் கண்ணாடி. ஒளிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் இருக்கும் டெராஹெர்ட்ஸ் அலைக்கு, ஒளியால் திறந்து மூடுகிற கதவு. ஐந்து வருடம் அவள் செய்தது இந்த ஒரு கதவைத்தான்.

"தோசைக்கல்லையும் சுட வச்சா குணம் மாறும்மா. அதுக்கு யாரும் டாக்டர் பட்டம் கேக்கல."

"சூடுன்னா ரெண்டு வாக்குலயும் ஒண்ணாத்தான் சார் மாறணும். இது ஒரு வாக்குலதான் அடைக்கும். திருப்பி வச்சா அடைக்காது. பாத்துட்டுப் பேசுங்க."

"பாக்கத்தான வந்திருக்கேன்."

வளையத்தின் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. நீளவாக்கு எது என்று தெரிய அவள் நகப்பூச்சால் வைத்த அடையாளம். அலை மேலும் கீழுமாக அதிர்வது; பொட்டு மேலே இருந்தால் அடைபடும். பக்கவாட்டில் இருந்தால் கடந்துபோகும். அவள் குழுவுக்குக் கொடுத்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்திலேயே அது எழுதியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

பொட்டு மேலே வரும்படி வளையத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஈரக்காற்று டெராஹெர்ட்ஸ் அலையைக் குடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனை விட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளியே மழை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்தார்.

கால் மணி நேரம் கழித்து லேசரைத் திறந்தாள்.

திரையில் கோடு மயிரிழைதான் தணிந்தது. அலை ஏறக்குறைய முழுதாகக் கடந்துபோனது.

லேசரை மூடித் திறந்தாள். மறுபடியும் அதே மயிரிழைதான்.

"திருப்பி வை," என்றார் அவர்.

திருப்பினாள். மறுபடியும் கால் மணி நேரம். லேசரைத் திறந்ததும் கோடு கீழே விழுந்தது. அடைபட்டுவிட்டது.

தங்கப்பாண்டியன் மடித்த பக்கத்தை விரித்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "மேல இருந்தா அடைக்கும்னு எழுதியிருக்க. இங்கன தலைகீழா நடக்குது. உன் ரிப்போர்ட் பொய்யா, உன் மிஷின் பொய்யா? ஒண்ணச் சொல்லு. ரெண்டுமேன்னாலும் எனக்குச் சம்மதம்."

அவள் பெட்டியைத் திறந்து வளையத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பொட்டை விரலால் தேய்த்தாள். நகப்பூச்சு உரியாது. இது விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள். குங்குமம்.

"பவுனக்கா," என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டாள்.

பவுனு துடைப்பத்தோடு வந்து நின்றாள். ஆய்வகத்தைப் பதினாறு வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறவள்.

"இந்தப் பெட்டிய யாரு திறந்தா?"

"நாந்தேன். சாமி கும்புட்டப்ப. ஒரு சாமானம் விடாம பொட்டு வைக்கணும்னு சாரு சொன்னாக."

"இதுல முன்னாடி ஒரு பொட்டு இருந்துச்சே?"

"அது போன வருசத்து அழுக்குல்ல? காஞ்சு கெடந்துச்சு. பிளேடால சொரண்டி, தொடச்சுட்டுப் புதுசா வச்சேன்."

"எந்தப் பக்கம் வச்சீக?"

பவுனு வளையத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கைக்கு எட்டுன பக்கம். சாமிக்குப் பக்கம் உண்டா தாயி?"

பவுனு போன பிறகு தங்கப்பாண்டியன் நிதானமாக எழுந்தார். "நல்லா இருக்கு. முடிவு தெரிஞ்ச பெறகு பொட்ட மாத்துற. கூட்டுற பொம்பளயச் சாட்சிக்கு இழுக்குற. இதையும் சேத்து எழுதிர்றேன்."

மாரீஸ்வரிக்கு வாய்வரை வந்தது. பொட்டு வைக்கச் சொன்னது நீங்கள். பெட்டியைத் திறக்காதே என்று கதவில் நான் ஒட்டிய தாளைக் கிழித்தது நீங்கள். ஆனால் அதைச் சொன்னால் பேச்சு பூஜையைப் பற்றி ஆகிவிடும். அவர் அதைத்தான் விரும்புவார். வியாழக்கிழமை குழு பூஜையைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்துபோகும்.

"பொட்டே வேண்டாம் சார்," என்றாள். கடைசியாக அடைத்தபோது மேலே இருந்த விளிம்பில் நீளவாக்குக்குப் பென்சிலால் ஒரு கோடு கீறிவிட்டு, குங்குமத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். "நீங்க வைங்க. எந்த வாக்குல வேணும்னாலும் வைங்க. நான் திரும்பி உக்காந்துக்கிறேன், திரைய மட்டும் பாப்பேன். நீங்க வச்சத நீங்க ரிஜிஸ்டர்ல எழுதுங்க, நான் பாத்தத நான் தனித்தாள்ல எழுதுறேன். எட்டுத் தடவ."

"ஒண்ணு தப்புனா?"

"நானே வெலகிக்கிறேன். உங்க கடிதத்துக்கு வேலையே இல்ல."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

முதல் முறை அவள் குறுக்கு என்று எழுதினாள். இரண்டாவதும் குறுக்கு. மூன்றாவது நீளம். நான்காவது நீளம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை.

"காமயகவுண்டன்பட்டியில உங்க ஆளுகளுக்குத் திராட்சத் தோட்டம் இருக்குல்ல? அங்கன எண்ணிப் பழகுனா ஒரு பிரயோசனம் இருந்திருக்கும்."

"அடுத்தத வச்சிட்டீங்களா சார்?"

"வழிகாட்டி ஓடிப்போன புள்ளைக்கு வாய் மட்டும் ஓடல."

"வச்சிட்டீங்களான்னு கேட்டேன்."

ஐந்தாவது முறை கோடு அசையவில்லை, கடந்துபோகிற அலை இம்மியும் குறையவில்லை. குறுக்கு என்று எழுதப் போனவள் நிறுத்தினாள். குறுக்காக இருந்தாலும் லேசர் பட்டதும் கோடு மயிரிழை தணியும். இதில் அதுகூட இல்லை.

"லேசர அட்டைய வச்சு மறைச்சிருக்கீங்க," என்றாள் திரும்பாமல்.

பின்னால் அட்டை ஒன்று மேசையில் விழும் சத்தம்.

ஆறாவது நீளம். ஏழாவதில் கோடு முக்கால்வாசி இறங்கி நின்றது. அவள் தாளில் சின்னதாக ஒரு கணக்குப் போட்டாள். "சாய்ச்சு வச்சிருக்கீங்க. நீளவாக்குல இருந்து முப்பது டிகிரி. வலமா இடமான்னு இதுல தெரியாது."

எட்டாவதைக் குறுக்கு என்று எழுதும்போது மணி மூன்றேகால். இருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து அவள் தாளின் பக்கத்தில் வைத்தார். எட்டும் பொருந்தின. ஐந்தாவதற்கு நேரே "மறைப்பு" என்றும் ஏழாவதற்கு நேரே "30" என்றும் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது.

எட்டு வரியையும் விரல் வைத்து மறுபடி ஒத்துப்பார்த்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். தோற்றவரின் முகம் இல்லை. புது வழி தேடுகிற முகம். கண்டுபிடித்ததும் சிரிப்பு திரும்பி வந்தது.

"நல்ல டேட்டா. நான் வச்சு, நான் அளந்தது. கட்டுரை போகும்போது எம்பேரு மொதல்ல வரணும். சரின்னா, ஏட்ட ஏத்துக்கலாம்னு இப்பவே எழுதித் தர்றேன்."

"அளந்தது நீங்கதான் சார். மறுக்கல." ரிஜிஸ்டரை அவர் பக்கம் தள்ளினாள். "பக்கத்துக்கு அடியில 'அளந்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு. கையெழுத்துப் போடுங்க. தேதியும் நேரமும்."

அவர் பெரிதாகப் போட்டார். முழுப்பெயர், பதவி, தேதி. நேரம்கூட நிமிடத்தோடு.

மாரீஸ்வரி போனை எடுத்துப் பக்கத்தைப் படம் பிடித்தாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அவருடைய கடிதத்தின் நகலை எடுத்து, ரிஜிஸ்டர் பக்கத்தில் வைத்து, இரண்டும் சேர்ந்து தெரிய இன்னொரு படம் பிடித்தாள். அதே உருண்டைக் கையெழுத்து. ஒன்றில் சூடு, ஒன்றில் எட்டு அளவு.

"கட்டுரையில உங்க பேரு வராது," என்றாள். "வியாழக்கிழமை வரும். ரெண்டு தடவ."

அவர் கை ரிஜிஸ்டரை நோக்கி நீண்டது. அவள் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். போனில், குழுவுக்கு அனுப்பிய படங்கள் போய்ச் சேர்ந்ததற்கான சின்னச் சத்தம் கேட்டது.

"இந்த ரூமு அடுத்த வாரம் உனக்குக் கெடையாது," என்றார். சிரிப்பு இல்லை. "சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ. மிஷின் காலேஜோடது. தொட்டேன்னா திருட்டுக் கேசு."

"வில்லை என்னோடது சார்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். பூசணித் தோலை மிதித்துத்தான் போயிருப்பார், வாசலில் வழுக்குகிற சத்தமும் ஒரு வசவும் கேட்டன.

அவள் மேசை இழுப்பறையைத் துழாவி முக்கோண அரத்தைத் தேடி எடுத்தாள். வளையத்தை இடுக்கியில் கவ்வவைத்து, நீளவாக்கில் இரண்டு முனையிலும், யாரும் துடைத்தெடுக்க முடியாதபடி, புதுப்பித்தளை தெரிய ஆழமாக ராவினாள்.