ஒரு மடக்கு

மாமனார் குளியலறைக் கதவு என்று நினைத்து அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே தொங்கிய சட்டைகளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்றார். அப்போதும் மருமகனுக்கு உறைக்கவில்லை. வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தான். அதற்கு அவனிடம் இருந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. பெரிய டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினான்.

"குடிங்க மாமா."

"வயிறு முட்டிக்கிட்டு நிக்குது மாப்ள."

"குடிச்சாத்தான் தெளியும்."

பெரியவர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. தரையைத் துடைத்துவிட்டு அவன் இன்னொரு டம்ளர் பிடித்தான். வெளியே போனதை உள்ளே நிரப்ப வேண்டுமே.

அவன் பாய்லர் பார்ப்பவன். ஓட்டல்களின் விரிப்புகளையும் துண்டுகளையும் துவைக்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை. நீராவி இல்லாவிட்டால் அங்கே ஒரு கைக்குட்டைகூட வெளுக்காது. பாய்லரின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று அதில் தெரியும். மட்டம் கீழே போனால் இரும்பு காய்ந்து வெடிக்கும். இன்னொரு எதிரி உப்பு. தண்ணீர் ஆவியாக ஆக உப்பு அடியில் தங்கிவிடும். அடிவால்வைத் திறந்து அதை வெளியே தள்ளிவிட்டு நல்ல தண்ணீரை விட வேண்டும். தண்ணீர் குறையக் கூடாது, உப்பு சேரக் கூடாது. டிப்ளமோவில் படித்த மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த இரண்டும் அவன் தூக்கத்தில்கூட மறக்காதவை.

போன கோடையில் மனைவி காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்தாள். சரியாகிவிடும் என்று இருவருமே இருந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, உடம்பில் தண்ணீரே இல்லையே என்றார் ஒருவர். அதற்குப் பிறகு சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அவள் போனபின் வீட்டில் மிஞ்சியது அவனும் அவள் அப்பாவும். பெரியவர் சின்ன மகளோடு போய்விடுவார் என்று ஊரே நினைத்தது. அவரும் கிளம்பவில்லை, இவனும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே டிவியை ஆளுக்கொரு மூலையில் இருந்து பார்த்தார்கள்.

இந்தக் கோடை தொடங்கியதும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்கு நடுவே மாமனாருக்குப் போன் செய்து, தண்ணீர் குடித்தாயிற்றா என்று கேட்பான். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பான். ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். இவன் அடியோடு நிறுத்திவிட்டான். சாப்பாடு வைக்கோல் மாதிரி இருக்கிறது என்று மாமனார் முணுமுணுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை.

அவர் மறுபடியும் வாந்தியெடுத்து, கட்டிலில் சரிந்து, அவனையே யார் என்று கேட்டபோதுதான் ஆட்டோவுக்கு ஓடினான்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அவனைவிடச் சின்னப் பெண். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் உப்பு எப்படி என்று கேட்டாள். சேர்ப்பதே இல்லை என்றான், கொஞ்சம் பெருமையாகவே. தண்ணீர்? அவர் கேட்காமலே கொடுத்துவிடுவேன் என்றான். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி கம்மியானதால வந்ததில்ல இது. தண்ணி ஏறினதால வந்தது. ரத்தத்துல உப்பு நீர்த்துப்போச்சு. மூளை ஊறி வீங்கியிருக்கு."

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். ரத்தத்தில் உப்பு எந்த அளவில் இருக்கிறது என்று மூளை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஒரு இழை கூடினால் தாகத்தைக் கிளப்பும். ஒரு இழை குறைந்தால், வேண்டாத தண்ணீரை வெளியே விடும்படி சிறுநீரகத்துக்குச் சேதி போகும். யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் பிறந்த நாளிலிருந்து நடக்கிற வேலை. பெரியவருக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை இருந்தது. அது உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிற வகை. சிறுநீரகத்தின் ஒரு கையை அது கட்டிவிட்டது. சாப்பாட்டில் உப்பு இல்லை. மேலிருந்து இவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

உடனே உப்பை ஏற்றிச் சரிசெய்துவிட முடியாதா என்று கேட்டான். ஒரேயடியாக ஏற்றினால் மூளைக்கு அதைவிட ஆபத்து என்றாள். இப்போதைக்குக் கொஞ்சம் உப்புநீர், அதுவும் சொட்டுச்சொட்டாக. மாத்திரையை நிறுத்தியாயிற்று. மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நான் என்ன செய்யணும்?"

"தண்ணி குடுக்காதீங்க. அவ்வளவுதான்."

மலையைப் பெயர்க்கச் சொல்லியிருந்தால் கடப்பாரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான். ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொன்னால் எங்கே போவது? கட்டிலைச் சுற்றி வந்தான். குழாயை, பையை, சொட்டுகளைப் பார்த்தான். நர்ஸ் வந்து, மருந்து மூடி போன்ற ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டி, நான் சொல்லும்போது மட்டும் இந்த அளவு என்றாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவும் சொன்னாள். பேர் என்ன, இது எந்த இடம், வீட்டில் யார் யார் என்று அவளே கேட்டுக் காட்டினாள். மாமனார் தன் பேரைச் சொன்னார். இடம் பஸ் டிப்போ என்றார். வீட்டில் மூன்று பேர் என்றார்.

பிறகு அவனிடம் திரும்பி, "அவ எங்க மாப்ள? அவகிட்ட தண்ணி கேளு" என்றார்.

"கடைக்குப் போயிருக்கா மாமா."

வாய் தானாகச் சொன்னது. சொன்னதும் ஒரு நிமிடம் அது உண்மைபோலவே இருந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

மதியத்துக்குக் கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள், தோளில் பையோடு, பஸ்ஸில் வந்த தலையோடு. அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நர்ஸிடம் முழுக்கதையும் கேட்டுவிட்டு இவனிடம் வந்தாள்.

"அக்காவுக்குக் குடுக்காததையெல்லாம் சேர்த்து அப்பாவுக்கு ஊத்திட்டீங்களா அத்தான்?"

அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. பிழைத்து எழுந்தால் அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னாள். அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? தலையாட்டினான். ஒரு டிவி, ஒரு மூலை என்று ஆகிவிடும். அவ்வளவுதானே என்று நினைத்துப் பார்த்தான். அவ்வளவு சுலபமாக இல்லை.

அவள் கையெழுத்துப் போடக் கீழே போனாள். பெரியவர் அதற்காகவே காத்திருந்தவர்போல் கண்ணைத் திறந்தார்.

"ஒரு மடக்கு குடுடா."

"கொஞ்ச நேரம் மாமா."

"டாக்டரம்மா குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க. நீ கவனிக்கல." குழந்தை மாதிரிப் புளுகினார். உதடு வெடித்திருந்தது. நாக்கால் தடவிக்கொண்டார். பக்கத்துக் கட்டில் மேசையில் யாருடையதோ ஒரு தண்ணீர் பாட்டில், வேர்த்து நின்றது. அவன் கை அதை நோக்கிப் போனது, அவனைக் கேட்காமல். பாதி வழியில் கட்டில் கம்பியைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான்.

பெரியவர் கெஞ்சினார். பிறகு அழுதார். பிறகு, உனக்குப் பெண் கொடுத்தது என் புத்தி என்றார். அவன் கம்பியை விடவில்லை. அங்கிருந்து ஓடிவிடத் தோன்றியது. ஓடவும் இல்லை, பாட்டிலை எடுக்கவும் இல்லை. அவன் வாழ்க்கையில் செய்த கடினமான வேலை அதுதான். பார்த்தவர்களுக்கு ஒருவன் சும்மா நிற்பது போலத்தான் இருந்திருக்கும்.

நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைக்கலாம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். துடைத்தான். கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையில் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் மாதிரி வெளுப்பாக. உடம்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்றாள் நர்ஸ். யாரும் வால்வைத் திருகவில்லை.

அடுத்த பரிசோதனையில் உப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. வேகம் சரி, இப்படியே போகட்டும் என்றாள் டாக்டர். வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும்போது மாமனார் தூங்கி எழுந்தார். கூரையை, மகளை, அவனைப் பார்த்தார். நர்ஸ் வழக்கம்போலக் கேட்டாள். பேர் சொன்னார். ஆஸ்பத்திரி என்றார், இதுகூடத் தெரியாமலா என்ற முகத்தோடு.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

அவர் கண்கள் எங்கோ போய்த் திரும்பின. அவை திரும்பிவந்த வழியில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும். கொழுந்தியாள் சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரு. நானும் இந்த மாப்பிள்ளையும்."

சரியான பதில் என்றாள் நர்ஸ். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நல்லா ஆனதும் என்னோடு வந்துவிடுங்கள் என்று மகள் மெதுவாகத் தொடங்கினாள். வருகிறேன், வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் அவர். திரும்பி வருவதைப் பற்றி அவளிடம் வேறொன்றும் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெரியவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கண் வறண்டிருந்தது. மகள் இறந்தது அவருக்கு இப்போதுதான் மறுபடியும் நடந்திருக்கிறது.

"அழணும்னா அழுதுடுங்க மாமா."

"அழுறதுக்கும் தண்ணி வேணும்ல மாப்ள. நீதான் ஒரு மடக்குகூடக் குடுக்க மாட்டேங்கிறியே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து வெகுநாளாகிவிட்டதால் அது இருமல்போலக் கேட்டது. நர்ஸைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். சின்னக் கிண்ணத்தில் சொன்ன அளவு ஊற்றி, ஒரு கையால் பெரியவர் தலையை நிமிர்த்தி, உதட்டில் வைத்துச் சாய்த்தான்.