நாலு மணி நிழல்

மரத்துக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று சொன்ன ஒரே குற்றத்துக்காகப் பக்கத்து வீட்டு டகோபெர்ட்டோவிடம் ஒஃபேலியா மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தங்கச்சி, மரம் வளக்குறியா, பன்னி வளக்குறியா? அடியில ஊத்தாதே. தள்ளி ஊத்து, எப்பவாவது ஊத்து!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவார் அந்த மனுஷன். ரயில்வேயில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். கத்திப் பேசித்தான் பழக்கம்.

"உங்க வேலையைப் பாருங்கண்ணே" என்று ஒஃபேலியா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து விடுவாள்.

அவள் அவசரம் அவளுக்கு. கணவர் குக்கோவுக்கு நரம்பு வியாதி. சூடு ஏறினால் கால் செத்துப் போகும். காலை ஆறு மணிக்குத் தானே எழுந்து காபி போடுகிற ஆள், சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலியை விட்டு எழ முடியாமல் கிடப்பார். அமெரிக்காவின் பாலைவன ஊரான டூசானில் ஜூன் மாதம் நாலு மணி என்றால் சும்மாவா? நூற்றெட்டு டிகிரி வெயில் மேற்குச் சுவரில் நேராக விழும். கை வைத்தால் கொப்புளம்தான்.

மகள் மரிசேலா வடக்கே மலைமேல் ஃப்ளாக்ஸ்டாஃபில் இருந்தாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். குக்கோ இரண்டு வாரம் போய் இருந்து பார்த்தார். "குளிருல கால் நல்லாத்தான் நடக்குது. நடந்து யார் வீட்டுக்குப் போறது? அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒஃபேலியா மேற்குச் சுவரோரம் மெஸ்கீட் நட்டாள். நம் சீமைக் கருவேலத்துக்குச் சித்தப்பா மகள். முகம் சுளிக்காதீர்கள், பிறந்த மண்ணில் அது குணவதி. அந்த ஊரில் இரண்டடி தோண்டினால் சுண்ணாம்பு இறுகிப் பாறையாய்க் கிடக்கும். ஒரு வாளி அளவுக்கு உடைத்து, கன்றை இறக்கி, காலையும் மாலையும் அடியிலேயே தண்ணீர் விட்டாள். மூன்றே வருஷத்தில் மரம் கூரையைத் தொட்டது. ஒஃபேலியாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலையில் முதல் மழைக்கு முன்னால் மேற்கேயிருந்து ஒரு காற்று வந்தது. பத்தே நிமிஷம். புழுதி அடங்கிப் பார்த்தால், மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து கூரை விளிம்பில் தலை வைத்துக் கிடந்தது. மேற்குப் பக்க வேரெல்லாம் அறுந்து வெளியே தெரிந்தது. மிச்சம் இருந்த வேர், வாளிக்குள் வைத்த மாதிரியே சுருண்டு கிடந்தது. தண்ணீர் காலடிக்கே வந்தால் வேர் எதற்கு வெளியே போகும்?

சனிக்கிழமை மரிசேலா வந்து பார்த்தாள். "போதும்மா. செப்டம்பர்ல வீட்டை வித்துடலாம்."

"அடுத்த ஜூன்ல வா. நாலு மணிக்கு வா. உங்கப்பா தானா எழுந்து நடக்கலேன்னா, சாவியை நானே உன் கையில தர்றேன்."

"படுத்துக் கிடக்கிற மரத்தை வச்சுக்கிட்டா?"

"நான் இன்னும் படுக்கலையே!"

மகள் போனதும் ஒஃபேலியா நேரே வேலிக்குப் போனாள். மானம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. "அண்ணே, தூக்கி நிறுத்தணும்."

"நிறுத்தாதே. நிறுத்தினா இந்தப் பக்க வேரும் போயிடும். பாலைவனத்துல போய்ப் பாரு, பாதி மெஸ்கீட் படுத்துக்கிட்டேதான் பொழைக்குது" என்றார் டகோபெர்ட்டோ. பழைய தண்டவாளக் கட்டை ஒன்றைக் கொண்டு வந்து அடிமரத்துக்கு முட்டுக் கொடுத்தார். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார். "இனி மரத்துக்கிட்ட தண்ணி போகக் கூடாது. வேர்தான் தண்ணிகிட்ட போகணும்."

பத்தடி தள்ளி மேற்கே, பிறை மாதிரி ஒரு பள்ளம். விடிகாலை ஐந்து மணிக்கு ஒஃபேலியா கடப்பாரையோடு இறங்குவாள், ஏழு மணிக்கு வெயில் விரட்டும் வரை சுண்ணாம்புப் பாறையை உடைப்பாள். ஒரு நாளைக்கு ஒரு சாண் நகர்ந்தால் அதிகம். அறுபது வயதில் உள்ளங்கை காய்த்துப் போயிற்று. நவம்பரில் பள்ளம் முடிந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு தரம், பள்ளம் நிறைய, அவ்வளவுதான் தண்ணீர்.

ஏப்ரலில் தெருவில் இருந்த மெஸ்கீட் எல்லாம் துளிர்த்தன. இவளுடையது மொட்டையாகக் கிடந்தது. ஒரு காலையில் குக்கோ காபிப் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மரத்தடிக்குப் போவதைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"யோவ் கிழவா! ஒரு சொட்டு விழுந்துது, கொன்னுடுவேன்!"

"செத்துக்கிட்டு இருக்குடி. ஒரு வாய் ஊத்துறேனே."

"உள்ள போ!"

அவர் போன பிறகு பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்ததா, அவள் ஆசைதான் அப்படிக் காட்டியதா, தெரியவில்லை. குழாயைத் திறக்கக் கை பறந்தது. திறக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. மே பத்தாம் தேதிதான் முதல் துளிர் விட்டது. அப்புறம் என்ன, நிறுத்தினால் நிற்குமா! நிமிர்ந்து நின்றபோது கூரையில் விழுந்த நிழல், சாய்ந்ததால் இப்போது சன்னலையும் சுவரையும் சேர்த்து மூடியது.

அம்மா சொன்னபடியே ஜூனில் மரிசேலா வந்தாள். வெளியே நூற்றெட்டு. சுவரில் கை வைத்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. உள்ளே வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். கடிகாரம் நாலடித்தது. ஒஃபேலியா அடுப்படி வாசலில் நின்றாள்.

"என்ன ரெண்டு பேரும் சர்க்கஸ் பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றார் குக்கோ.

நாற்காலிக் கையை அழுத்தினார். வலது முழங்கால் வெடவெடவென்று ஆடியது. மரிசேலா தாங்கிப் பிடிக்கப் பாய்ந்தாள்.

"தொடாதே!" என்று ஒஃபேலியா போட்ட சத்தத்தில் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குக்கோ எழுந்தார். எட்டு அடி நடந்தார். குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, அதே எட்டு அடி திரும்பி வந்து மகளிடம் நீட்டினார்.

"அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கிட்டு வந்திருக்கே. குடிம்மா."

மரிசேலா வாங்கிக் குடித்தாள். ஒஃபேலியா அதற்குப் பிறகுதான் அழுதாள்.