பெல்ட்டுக்குப் பூசிய மெழுகு

பட்டறைத் தரையில் கிடந்த துணியைக் காலால் ஒதுக்கப் போன மருமகள், ஒதுக்காமல் குனிந்து எடுத்தாள். துணியில் பெட்ரோல் வாடை இன்னும் ஆறவில்லை. அதன் மடிப்புகளில் ரப்பர்க் கரியும், கரியோடு குழைந்த மஞ்சள் மெழுகும் அப்பியிருந்தன. அவளுடைய பட்டறையில் மெழுகு கிடையாது. மெழுகு தேவைப்படும் வேலையும் அங்கே கிடையாது.

விரல் நுனியில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். பிசுக்கென்று ஒட்டியது. ரப்பர்க் கரி வண்டியின் பெல்ட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்று தோன்றிய அந்தக் கணத்தில் அவள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

வண்டி நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மாமியார் அதிகாலையிலேயே எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

மலையுச்சியில் ஒரு சிக்னல் கோபுரம். அங்கே முறை மாறும் ஆட்களை ஏற்றுவதும் இறக்குவதும்தான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. ஜீப் நுழையாத குறுகலான ஜல்லித் தடத்தில் பக்கி என்னும் சிறிய திறந்த மோட்டார் வண்டி ஒன்றுதான் போகும். மாமியார் ஓட்டுவார், மருமகள் பழுது பார்ப்பாள், நடுவில் இருந்த மகன் போனை எடுத்து, யார் எப்போது ஏறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வான். தடத்தில் ஓரிடத்துக்கு ‘மூக்கு’ என்று பெயர். மூக்கைப் போலவே செங்குத்தாக இறங்கிச் சட்டென்று மடங்கும். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் வெறும் காற்று.

அந்த வண்டியில் கியர் மாற்றும் வேலை இல்லை. கூம்பு முகம் கொண்ட இரண்டு தட்டுகள் இன்ஜின் தண்டில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். அவற்றின் நடுவே பெல்ட். இன்ஜின் வேகம் ஏறினால் தட்டுகள் நெருங்கிப் பெல்ட்டைக் கவ்வும். வேகம் தணிந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தட்டுகளை விலக்கும், பெல்ட் விடுபடும். சமதரையில் இந்த ஏற்பாடு சொகுசு. இறக்கத்தில் அப்படியல்ல. அங்கே வண்டியை இழுத்துப் பிடிப்பதில் பிரேக்குக்குப் பாதிப் பங்கு, இன்ஜினுக்குப் பாதிப் பங்கு. பெல்ட் கவ்வியிருக்கும் வரைதான் இன்ஜினின் பங்கு.

அண்மைக் காலமாக வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. நிறுத்தி வைத்தாலும் மெல்ல முன்னால் நகர்ந்தது. பெல்ட் விடுபட வேண்டிய நேரத்தில் விடுபடவில்லை என்பது மருமகளுக்குப் புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை. மூடியைக் கழற்றித் தட்டுகளை உப்புத்தாளால் தேய்த்தாள். பெல்ட் ஓடும் இரண்டு கப்பிகளும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று சட்டம் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில், வண்டி நின்ற நேரத்திலும் மாமியாரின் பாதம் ஆக்சிலேட்டரை விட்டு அகல்வதில்லை என்று முடிவு கட்டினாள். அதைச் சொன்னால் அவர் மனம் நோகும். ஆகவே சொல்லாமல், தட்டுகளை வலுவாக விலக்கக்கூடிய விறைப்பான ஸ்பிரிங் ஒன்றை வாங்கிப் பொருத்தினாள். வண்டி நகர்வது நின்றது. அவளும் நிம்மதியாக அந்தப் பேச்சை எடுக்காமல் விட்டாள்.

இப்போது அவள் கையில் இருந்த துணி, பேசாமல் விட்டதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தது.

சுவரில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியை எடுத்தாள்.

“அத்தை! அத்தை, எங்க இருக்கீங்க?”

கரகரத்தது. பிறகு மாமியாரின் குரல், காற்றோடு கலந்து வந்தது. “மூக்குல இறங்க ஆரம்பிச்சிருக்கேன். டவர் இன்ஜினியர் தம்பி கூட இருக்கார், அவர்தான் இந்தப் பொட்டிய என் வாய்கிட்ட புடிச்சிருக்கார். ஏம்மா குரல் இப்படி நடுங்குது?”

“பெல்ட்டைத் தொட்டீங்களா?”

“அதுவா... கீழ வந்து பேசிக்கலாமே.”

“இப்பவே சொல்லுங்க!”

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் மாமியாரிடம் இப்படிக் கத்தியதில்லை.

“கொஞ்ச நாளா மெழுகு போட்டுட்டு வந்தேன்மா. மாவு மில்லுல பெல்ட்டுக்குப் போடுவோம்ல, அந்தக் கட்டி. எத்தன வருஷம் அந்த மில்லுல நின்னுருக்கேன்! வண்டி தெனம் காலையில கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. நீ வேலைக் களைப்புல மறந்துட்டேன்னு நெனச்சேன். சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்ல? அதான் நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நானே பூசிட்டு இருந்தேன்.”

மருமகள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். மாவு மில்லின் தோல் பெல்ட்டுக்கு மெழுகு மருந்து. இந்த வண்டியின் பெல்ட்டுக்கு அதுவே விஷம். அவள் தேடித் தேடி ஓய்ந்த கோளாறு ஸ்பிரிங்கிலும் இல்லை, கப்பியிலும் இல்லை, மாமியாரின் பாதத்திலும் இல்லை. மெழுகு பெல்ட்டைத் தட்டோடு ஒட்டி வைத்திருக்கிறது. இவளோ அதைப் பிய்த்தெடுக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்கியிருக்கிறாள்.

“ஆனா நீ கவலப்படாத,” என்றார் மாமியார். “நேத்து சாப்பிடும்போது, பெல்ட்டுல பசை பட்டாலே போச்சுன்னு உன் புருஷன்கிட்ட சொன்னியே? எனக்கு சோறே எறங்கல. விடியுறதுக்குள்ள பெட்ரோல் போட்டு மொத்தத்தையும் தொடச்சுட்டேன். இப்ப சுத்தமா இருக்கு.”

சுத்தமா இருக்கு. அதற்குமேல் அஞ்சத் தக்க சொல் எதையும் அவள் அதுவரை கேட்டதில்லை.

மெழுகு ஒட்டிப் பிடித்தது. ஸ்பிரிங் விலக்கித் தள்ளியது. ஒன்றை ஒன்று எதிர்த்து நின்றதால் வண்டி ஒழுங்காக ஓடுவது போல் இருந்தது. இன்று மெழுகு போய்விட்டது. மிஞ்சியிருப்பது விறைத்த ஸ்பிரிங் மட்டும். வேகம் சற்றே தணிந்தாலும் அது தட்டுகளை உதறிவிடும், பெல்ட் தொளதொளத்துவிடும். மூக்கில் எல்லாரையும் விட நிதானமாக இறங்குகிறவர் மாமியார். அந்த நிதானம்தான் இப்போது அவரைக் கவிழ்க்கப் போகிறது.

“அத்தை, நிறுத்துங்க. அங்கயே நிறுத்திடுங்க.”

“நிறுத்தத்தாம்மா பாக்கறேன்.” குரல் மாறியிருந்தது. “இன்ஜின் இழுத்துப் புடிக்கவே மாட்டேங்குது. சைக்கிள் மாதிரி சும்மா உருளுது. பிரேக்கும் மிதிக்க மிதிக்க மெத்துனு உள்ள போவுது...”

“அம்மா, ஓரம்! ஓரம்!” என்று இன்ஜினியர் அலறுவது கேட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கணவன், காதில் வைத்திருந்த போனை எடுக்க மறந்து வாசலில் நின்றான்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். “அத்தை, ஆக்சிலேட்டரை மிதிங்க.”

“என்னது?”

“ஆக்சிலேட்டரை மிதிங்க!”

“இறக்கத்துலயா? உனக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா?”

“என்ன சொல்ற நீ?” என்று கணவனும் பாய்ந்து வந்தான். “அம்மா உள்ள இருக்காங்கடி!”

அவனைக் கையால் தடுத்துக்கொண்டே பேசினாள். “இன்ஜின் வேகம் ஏறினாத்தான் பெல்ட் கவ்வும். கவ்வினதும் ஒரு உதறு உதறும். உடனே காலை எடுத்துடுங்க, இன்ஜின் இழுத்துப் புடிக்கும். மறுபடி விட்டா மறுபடி மிதிங்க. நான் சொல்றேன்ல அத்தை!”

பதில் வரவில்லை. இன்ஜினியர் பொத்தானை விட்டுவிட்டாரா, வாக்கிடாக்கியையே விட்டுவிட்டாரா, தெரியவில்லை.

இருவரும் முற்றத்துக்கு ஓடினார்கள். அங்கிருந்து பார்த்தால் மூக்கு தெரியாது. பாறையின் முதுகு மட்டும் தெரியும். காது கொடுத்து நின்றார்கள். டயர்கள் ஜல்லியை அரைக்கும் ஓசை மட்டும் கேட்டது. இன்ஜின் சத்தம் அறவே இல்லை.

பிறகு அது உறுமியது.

மலையே திரும்பிப் பார்க்கும்படியான உறுமல். கணவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மருமகள் நின்றபடியே இருந்தாள். உறுமல் சட்டென்று அறுந்து, அதன் இடத்தில் கனமான ஒரு முனகல் எழுந்தது. மூட்டை தூக்குகிறவன் மூச்சைப் பிடிக்கும்போது வருமே, அப்படிப்பட்ட முனகல். சக்கரம் இன்ஜினைச் சுழற்றும்போது மட்டுமே அந்த ஓசை வரும்.

“கவ்விடுச்சு,” என்றாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

மறுபடி ஓர் உறுமல். மறுபடி அந்த முனகல். பாறையின் மறைவிலிருந்து புழுதி முதலில் வந்தது, வண்டி பின்னால் வந்தது. முற்றத்து மண்ணில் ஏறி, விறகுக் குவியலில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. எரிந்த பிரேக்கின் நாற்றம் எல்லார் முகத்திலும் அறைந்தது.

முதலில் இறங்கியவர் இன்ஜினியர். இறங்கியவர் நிற்கவில்லை, அப்படியே தரையில் அமர்ந்தார்.

“இனிமே நடந்தே வரேன்,” என்றார் யாரையும் பார்க்காமல். “செருப்பு தேஞ்சாத் தேயட்டும்.”

மாமியார் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் அருகே போய், என்ன நடந்தது என்று சொன்னாள். நகரும் வண்டியையும், அதற்குத் தான் கற்பித்த காரணத்தையும், மாற்றிய ஸ்பிரிங்கையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

மாமியார் மெல்லத் திரும்பினார். “ஸ்பிரிங்கை மாத்தினியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?”

“நீங்க மட்டும் மெழுகைச் சொன்னீங்களா?”

“வண்டி நின்னாலும் நான் காலை எடுக்க மாட்டேன்னு நெனச்சியா? என்னையா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி வண்டி ஓட்டினவ நான்!”

“நான் பெல்ட்டைக் கவனிக்க மறப்பேன்னு நீங்க நெனக்கலாம், நான் நெனக்கக் கூடாதா?”

“உன் மனசு நோகக் கூடாதுன்னு செஞ்சேன்!”

“நானும் அதுக்குத்தான் செஞ்சேன்! நோகட்டுமே அத்தை! நொந்தா என்ன, செத்தா போயிடுவேன்? நீங்க இப்ப செத்திருப்பீங்க!”

கணவன் நடுவே வந்தான். “அம்மா, கொஞ்சம்...”

“நீ சும்மா இருடா,” என்றார் தாய்.

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் மனைவி.

அவன் இன்ஜினியரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். இந்த வீட்டில் இப்படியொரு சண்டையை அவன் கண்டதில்லை. அவன் முகத்தில் இருந்த திகைப்பு, வண்டி உறுமியபோது இருந்ததைவிடச் சற்றும் குறையவில்லை.

“இறங்குங்க அத்தை. மூடியைக் கழட்டி அந்த ஸ்பிரிங்கை இப்பவே எடுக்கணும்.”

“இறங்க மாட்டேன். கால் நிக்காது. நான் இங்க இருந்தே பாக்கறேன், நீ கழட்டு.”

அவள் கழற்றினாள். சூடு ஆறாத மூடி விரலைச் சுட்டது. ஒவ்வொரு பாகம் வெளியே வந்தபோதும் மாமியார் இருக்கையிலிருந்து கழுத்தை வளைத்து, இது என்ன, இது எதற்கு என்று கேட்டார். மருமகள் கோபம் தணியாமலேயே, ஒரு சொல்லும் குறையாமல் பதில் சொன்னாள். கடைசியில் அவளுடைய எண்ணெய்க் கை நிறைய ஒரு தடித்த சுருள் வந்தது.

“அது?”

“இதுதான் உங்களைக் கொன்னிருக்கும்.”

மாமியார் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைப் பிரித்து நீட்டினார்.

“இங்க குடு, பாப்போம்.”