மூன்றாவது இழுப்பு

சறுக்குப் பாதையின் ஐந்தாம் மிதவை ஒரு சாண் தள்ளி நிற்கிறது என்று விடிந்ததும் விடியாததுமாகப் புகார் வந்துவிட்டது. முதலாளியின் விருந்தாளி ஒருவர், நீர்ச்சறுக்கில் பதக்கம் வாங்கியவராம், நேற்று சறுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். "இன்னிக்கே கீழ போய் ரப்பர மாத்திடு" என்று மேனேஜர் அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மாதமாக மற்ற ஐந்து மிதவைகளுக்கும் பாசி சுரண்டி, கயிறு மாற்றி, அளந்து நிறுத்திக்கொண்டிருந்தவன், ஐந்தாவதை மட்டும் மேலோடு துடைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். அதன் அடியில்தான் அவன் தங்கையின் புருஷன் செத்துப்போனான்.

அந்த ஏரியில் மிதவை வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். மூச்சடக்கிக் கீழே போகிறவன் இடுப்பில் கயிறு. அதன் மறுமுனை படகில் இருப்பவன் கையில். ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. மூன்று என்றால் தூக்கு. ஆள் கீழே இருக்கும்வரை படகில் சிவப்புக்கொடி நிற்கும். கொடி நின்றால் ஏரியில் வேறு எந்தப் படகும் ஓடக்கூடாது. மாப்பிள்ளை போன பிறகு இரண்டாவது ஆளைப் போடவில்லை. அவன் கயிற்றைப் படகின் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். கொக்கிக்கு எண்ணத் தெரியாது.

மூன்று ஆள் ஆழம். அடித்தண்ணீர் டீ நிறத்தில் கலங்கிக் கிடந்தது. எப்போதோ அறுந்து விழுந்த பழைய கயிறுகள் சேற்றில் நெளிந்தன. அவற்றை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சிமெண்ட் கட்டையைத் தடவினான். கட்டையின் வளையத்தில் மிதவையை இழுத்து நிறுத்தும் கறுப்பு ரப்பர் குழாய், அதற்கு மேல் மிதவைக்குப் போகும் கயிறு. எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் கயிற்றில் இன்னொரு ரப்பரும் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் ரப்பர். மேல்முனை கட்டப்பட்டிருந்தது. கீழ்முனை கட்டப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

விரல் பட்டதும் முடிச்சு யாருடையது என்று தெரிந்துவிட்டது. இரண்டு சுற்று சுற்றி வாலை உள்ளே செருகிவிடுவான் மாப்பிள்ளை. அவிழ்ப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். மஞ்சள் ரப்பர்ச் சுருள் வந்து இறங்கியது அவன் செத்த அன்று காலையில்தான்.

வெட்டினால் மிதவை போய்விடும் என்று தெரிந்தும் முடிச்சுக்கு மேலும் கீழும் கயிற்றை வெட்டி, ரப்பரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மேலே வந்தான்.

தங்கை சாமான் கொட்டகையில் லைஃப் ஜாக்கெட்டுகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சறுக்குப் பலகைகளைத் துடைப்பது, காலணிகளைக் காயவைப்பது, இழுவைக் கயிற்றில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் உருவிப் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. கொட்டகைக்குப் பின்னால் ஒரே அறையில் அவளும் மகளும், பக்கத்து அறையில் அவன். நான்கு மாதமாக அவனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். விடுமுறை நாளில் தானாக நீந்தப் போனவர் எதற்கு இடுப்பில் ரப்பர் வெட்டுகிற கத்தியைக் கட்டிக்கொண்டு போனார்? அவனும் ஒவ்வொரு முறையும் தெரியாது என்றே சொல்லிவந்தான். உங்கப்பா விளையாடப் போய்த்தானே செத்தார் என்று பள்ளிக்கூடத்தில் மகளைக் கேட்கிறார்களாம். அன்று வேலை நேரம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும், அவளுக்குச் சேரவேண்டிய நஷ்டஈடும் சேரும், அந்தப் பேச்சும் போகும். இன்று பதினோரு மணிக்கு அதற்காகத்தான் தொழிலாளர் அலுவலக அதிகாரி வருகிறார்.

அவன் ரப்பரை மேசைமேல் வைத்தான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். துணிக்கொடியிலும் அதே முடிச்சுத்தான் இருந்தது.

"அவரு கட்டுனது" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "கயிறு என் கையிலதான் இருந்துச்சு."

இனி நிறுத்த முடியாது என்று அவனுக்குப் புரிந்தது. "கொடி போட்டுத்தான் இருந்தேன். மேனேஜர் யாரையோ ஏத்திக்கிட்டு பெரிய படக ஓட்டிட்டாரு. அலையில படகு ஆடுச்சு. மாப்ள மூணு தடவ இழுத்திருக்கான். எனக்கு ரெண்டுதான் தெரிஞ்சுது. கயித்த விட்டுட்டேன்."

விட்ட கயிறும் சேர்ந்து மாப்பிள்ளையின் காலைச் சுற்றிக்கொண்டது என்பதை மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை செத்த அன்று சாயங்காலமே மேனேஜர், விடுமுறையில் தானாக நீந்தப் போனான் என்று எழுதிய காகிதத்தை நீட்டி, கயிறு யார் கையில் இருந்தது என்று கேட்பார்களே, என்ன சொல்லப்போகிறாய் என்று தன்மையாகத்தான் கேட்டார். அவன் கையெழுத்துப் போட்டான். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் படுக்கும்போதும் வலது உள்ளங்கையில் யாரோ சுண்டுகிறார்கள். ஒன்று, இரண்டு. அதற்குமேல் எண்ணுவதற்குள் நின்றுவிடும்.

அவள் அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு அழாமல் கேட்டாள்: "நாலு மாசம் என் கையால சாப்பிட்டியே, ஒரு நாள் சொல்லணும்னு தோணலையா?" ரப்பரை மேசையிலிருந்து எடுத்தாள். "போ. என்கிட்ட சொன்னத அதிகாரிகிட்ட சொல்லு" என்று அதை அவன் கையில் திணித்தாள்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். படகுத்துறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேனேஜர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அதிகாரி கோப்பைத் திறந்து காகிதத்தைக் காட்டி இது உன் கையெழுத்துத்தானே என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான். பிறகு நாக்கு குழற, கொடியைப் பற்றியும் பெரிய படகைப் பற்றியும் மூன்று இழுப்பைப் பற்றியும் சொல்லி, ரப்பரை நீட்டினான். அன்று காலை வந்த ரப்பர், அன்றைக்குத்தான் கட்டியிருக்க முடியும், பாதி வேலையில் நிற்கிறது பாருங்கள் என்றான்.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறுமையானவராகத்தான் தெரிந்தார்.

"இதுல தேதி எங்கப்பா இருக்கு?" என்றார். பிறகு காகிதத்தின் அடியில் விரலை வைத்தார். "இதுல இருக்கு பாரு."

மேனேஜர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பாவம், சொந்தக்காரன், மனசு குழம்பிப் போயிருக்கிறான் என்று அதிகாரியிடம் சொன்னார். அப்போதுதான் ஐந்தாம் மிதவை அறுந்து கரையோரம் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டார். விருந்தாளி இறங்குவதற்குள் அதைக் கட்டிவிட்டு வா, மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார். நாளைக்கு என்ன பேசுவார் என்று அவனுக்குத் தெரியும். கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று கேட்டான். யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்றார்.

"நான் பிடிக்கிறேன்" என்றாள் தங்கை, பின்னாலிருந்து.

அவன் கயிற்றின் முனையை அவளிடம் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அதைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். சிவப்புக்கொடியை அவளே நட்டாள்.

கீழே போய்க் கட்டையைத் தடவி, புதுக் கயிற்றைச் செருகி, மாப்பிள்ளை மாதிரியே இரண்டு சுற்று சுற்றினான். வாலை உள்ளே தள்ளும்போது சத்தம் வந்தது. முதலில் பல்லில்தான் தெரிந்தது. பிறகு நெஞ்சுக்குள் வந்தது. பெரிய படகின் இன்ஜின். மேலே வெளிச்சம் உடைந்து ஆடியது. சேற்றுக் கயிறுகள் எல்லாம் ஒருசேர எழும்பின. ஏதோ ஒன்று கணுக்காலைத் தொட்டது. அவன் கை இடுப்புக் கயிற்றுக்குப் போனது.

ஒன்றுகூட இழுக்கவில்லை. அதற்குள் கயிறு விறைத்து, அவனை அப்படியே மேலே தூக்கியது.

தண்ணீருக்கு மேல் தலை வந்ததும் அவள் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை உரிந்திருந்தது. "எண்ணிக்கிட்டு இருக்க முடியாது என்னால" என்றாள், மூச்சு வாங்க.

அலை வந்து படகைப் புரட்டியது. கொடி இரண்டு பக்கமும் சாய்ந்து நிமிர்ந்தது. பத்தடி தள்ளி மேனேஜர் பெரிய படகை வளைத்துத் திருப்பினார். பின் இருக்கையில் அதிகாரி, காலையில் அவள் அலசிப்போட்ட லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கோப்பு நனையாமல் மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினார்.