நான்காவது பத்தி

பிரமாணப் பத்திரத்தின் முதல் மூன்று பத்திகளை ஒரே மூச்சில் படித்துத் தலையாட்டிய கொர்னேலியஸ், நான்காவது பத்தியில் நின்றுவிட்டார். வக்கீல் அஷ்வினி பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் வைத்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்த அந்த மாடியறையில் மூன்று நாற்காலிகளுக்குத்தான் இடம். பக்கத்து நாற்காலியில் கேரல் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோவில் வரும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இன்றைக்கு இது முடிந்துவிடும் அல்லவா என்று. முடிந்துவிடும் என்று அவரும் சொல்லியிருந்தார்.

அயர்லாந்து நீதிமன்றம் 2016இல் வழங்கிய விவாகரத்துத் தீர்ப்பை நான் அப்போதே மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டேன், அன்று முதல் அதன்படியே வாழ்ந்து வருகிறேன். நான்காவது பத்தி இவ்வளவுதான்.

மனைவி மோலி நர்ஸாக அயர்லாந்து போனது 2009இல். முதலில் வருஷத்துக்கு ஒருமுறை வந்தாள். 2012க்குப் பிறகு வரவில்லை. பிறகு அந்த ஊர் நீதிமன்றத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. கொர்னேலியஸ் அதைப் படித்தார், மடித்தார், பீரோவில் வைத்தார். பதில் போடவில்லை. அடுத்த உறையில் தீர்ப்பே வந்துவிட்டது. அப்போது ஒரு வக்கீல் சிநேகிதர் சொன்னதை அவர் மனப்பாடமாக வைத்துக்கொண்டார்: கல்யாணம் நடந்தது மைசூரில், நீ அந்தக் கோர்ட்டுக்குப் போய்ப் பேசவும் இல்லை, சரி என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை, அந்தத் தாள் இங்கே உன்னைக் கட்டுப்படுத்தாது. கேட்டவர்களிடமெல்லாம் கொர்னேலியஸ் இதையே சொன்னார். சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். திருமண நாள் வருகிற வாரத்தில் தம்பதிகள் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், வாராந்திர நோட்டீஸில் அச்சாகும். ஞாயிறு ஆராதனையில் ஆயர் பெயரை வாசிப்பார். அவர்கள் எழுந்து நிற்க, சபை ஜெபித்து ஆமென் சொல்லும். மே மாதம் இரண்டாம் வாரம் கொர்னேலியஸ் சீட்டு கொடுத்துவிடுவார். கொர்னேலியஸ் – மோலி. தனியாகத்தான் எழுந்து நிற்பார். சபையில் பாதி வீட்டு நர்ஸுகள் வெளிநாட்டில் என்பதால் ஒற்றையாக நிற்பது அங்கே யாருக்கும் விசித்திரமில்லை. தீர்ப்பு வந்த பிறகும் இப்படி எட்டு மே மாதங்கள்.

போன வருஷம் கண்புரை அறுவைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சொட்டுமருந்து விட வந்தவள் கேரல். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள் என்ற அளவுக்குத்தான் அவளை அவருக்குத் தெரியும். கட்டு அவிழ்த்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. அந்த மே மாதம் அவர் சீட்டு கொடுக்கவில்லை. இருவருமாக ஆயரிடம் போய்க் கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் ஓலையை வாசிக்கக் கேட்டபோது, அவர் வருத்தத்தோடுதான் கையை விரித்தார். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று சபை முழுக்கச் சொன்னவர் நீங்கள்தானே, செல்லும் என்று மைசூர் கோர்ட் ஒரு உத்தரவு கொடுக்கட்டும், அடுத்த ஞாயிறே ஓலை வாசிக்கிறேன் என்றார். ஓலை வாசிக்காமல் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று கேரலும் சொல்லிவிட்டாள்.

“ஏனுங்க சார், எதாச்சும் புரியலீங்களா?” என்றாள் அஷ்வினி. தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்துக்காரி, எத்தனை அவசரத்திலும் அந்த ‘ங்க’ குறையாது.

“புரியுதும்மா. இந்த ‘அப்போதே’ வேண்டாம். அதுக்கப்புறமும் எட்டு வருஷம் சர்ச்சு நோட்டீஸ்ல மோலி பேரோட என் பேரைப் போட்டிருக்கேன்.”

அஷ்வினி பொறுமையாக விளக்கினாள். இந்தப் பத்திதான் கேஸின் உயிர். அவர் அந்தக் கோர்ட்டுக்குப் போகவில்லை என்பதை மாற்ற முடியாது. ஆனால் தீர்ப்பை ஒத்துக்கொண்டார் என்று காட்டினால் அது இங்கேயும் நிற்கும். மோலியும் ஆட்சேபம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள். எதிர்க்க ஆளே கிடையாது.

“சர்ச்சு நோட்டீஸை எல்லாம் ஜட்ஜு எடுத்துப் பாக்கப் போறாருங்களா சார்?”

நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலையில் கொர்னேலியஸுக்குச் சரக்கின் தரம் பார்க்கும் வேலை. லாரி வாசலில் நிற்க, மேனேஜர் தலைக்கு மேல் நிற்க, நேற்றைய தேதியிட்டு ஒரு கையெழுத்து என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். முசுடு என்று அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அவர் போடாத அந்தக் கையெழுத்துகள்தான். ஆனால் அங்கே காத்திருந்தது லாரி. அவர் கேரலைப் பார்த்தார்.

கேரல் அஷ்வினியைப் பார்த்துச் சொன்னாள்: “ஆமென் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தி மேடம். எட்டு வருஷமும்.”

அஷ்வினி குரலைத் தணித்துக்கொண்டாள். இன்றைக்குத்தான் ஏற்கிறேன் என்று எழுதினால் ஜட்ஜ் ஒப்புக்கொள்ளலாம். அல்லது, இத்தனை வருஷம் கழித்து என்ன ஏற்பு, பரஸ்பர சம்மதத்தில் புதிதாக மனுப் போடுங்கள் என்று திருப்பியும் அனுப்பலாம். அப்படியானால் மோலிக்கு லீவு கிடைத்து, அவள் வந்து, ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ.

“அவ்வளவு நாள் உங்களால முடியுங்களாக்கா?” என்று அவள் கேரலைத்தான் கேட்டாள்.

கொர்னேலியஸ் பேனாவை எடுத்தார். அந்த எட்டு ஞாயிறுகளில் மோலி திரும்பி வருவாள் என்று நம்பி நின்றது முதல் மூன்றோ நான்கோதான். அதற்குப் பிறகு, உட்கார்ந்துவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்பதற்காக நின்றார். இதை எந்தப் பத்தியில் எழுதுவது? நான்காவது பத்தியைக் கோடிழுத்து அடித்தார். ஓரத்தில் தன் பொடி எழுத்தில் எழுதினார்: தீர்ப்பு கைக்கு வந்தபோது நான் அதை ஏற்கவில்லை. இன்று ஏற்கிறேன். அந்தக் கடைசிச் சொல்லை இதுவரை தனக்குள்கூட அவர் சொல்லிக்கொண்டதில்லை.

அஷ்வினி படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “மறுபடி டைப் அடிக்கணுங்க.”

“குடுங்க, நான் அடிச்சிட்டு வரேன்” என்று கேரல் தாளை வாங்கிக்கொண்டாள். கூடவே எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் குரலிலிருந்து அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது. தாளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சந்தின் குறுக்கே நடந்த கேரல், டைப்பிங் கடைக் கூரையடியில் நாலைந்து பேருக்குப் பின்னால் போய் நின்றாள். தாளை வெளியே எடுத்தாள். ஓரத்தில் எழுதியிருந்ததைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள். உதடுகள் அசைந்தன. மறுபடி முதலிலிருந்து அசைந்தன. முன்னால் நின்றவர் நகர்ந்ததை அவள் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த கிழவர் குடை நுனியால் தரையைத் தட்டிய பிறகு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓரடி முன்னால் வைத்தாள்.